மூணு முடிச்சுக்கும் வெல்க்ரோவா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பந்தல் நிறைஞ்ச பெரியோர்களே, வணக்கம். பெல் நடுவர் கையில இருக்கு, அதனால வணக்கத்தை இதோட முடிச்சுக்கிறேன். 'பிள்ளைகள் வளர்வது அரவணைப்பாலா, சவாலாலா?' சவாலாலதான்னு பேச வந்திருக்கேன். வண்ணத்துப்பூச்சிக் கூட்டைக் கத்தரிச்ச கதையை எடுப்பேன்னு முன்வரிசை ஐயா முகத்தைச் சுளிக்கிறாரு. எடுக்க மாட்டேன்யா, பயப்படாதீங்க.

நம்ம கதை எரிமலை. எங்க தெருவுல ஒரு அப்பா. பையன் அஞ்சாங்கிளாஸ். ராத்திரி ஒன்பது மணிக்கு மெதுவா வந்து, "அப்பா, நாளைக்கு சயின்ஸ் ப்ராஜெக்ட்"ங்கிறான். ஒன்பது மணிக்கு முன்னாடி எந்தப் புள்ள சொல்லியிருக்கு? அப்பா பனியனோட ஓடுறாரு. ஸ்டேஷனரிக் கடையில பாதி ஷட்டர் இறக்கியாச்சு. குனிஞ்சு பார்த்தா, உள்ள ஏற்கெனவே நாலு அப்பா நிக்கிறாங்க! நாலு பேர் கக்கத்துலயும் தெர்மாகோல்!

வந்து உக்கார்ந்தாரு. பழைய பேப்பர், ஃபெவிக்கால், நடுவுல ஒரு பாட்டில், உள்ள சமையல் சோடா. சிவப்புக் கலர் கலந்து வினிகரை ஊத்தினதும் குபுகுபுன்னு பொங்குது. ராத்திரி ஒரு மணி. அப்பா தனியா உக்கார்ந்து கைதட்டுறாரு. பையன் தூங்கி எவ்வளவோ நேரமாச்சு!

மறுநாள் மிஸ் கேட்டாங்க, "இது ஏம்ப்பா பொங்குது?" பையன் யோசிச்சான். "அப்பாவுக்குப் போன் போட்டுக் கேக்கட்டுமா மிஸ்?" போட்டாங்க பாருங்க, பி கிரேடு! சாயங்காலம் பையன் பேட்டை எடுத்துட்டு விளையாடப் போயிட்டான். அப்பா இடிஞ்சுபோய் உக்கார்ந்திருக்காரு: "எனக்கு... பி கிரேடா?" வீட்டுக்காரம்மா காபியைக் கொடுத்து, "விடுங்க, அடுத்த வருஷம் நல்லாப் படிங்க"ன்னாங்க. அந்த வீட்டுல அன்னிக்கு சயின்ஸ் கத்துக்கிட்டது அப்பா ஒருத்தர்தான் நடுவர் அவர்களே!

எதிரணித் தோழி சொன்னாங்க: "காலையில வேன் ஹாரன் அடிக்கும்போது ஷூ லேஸ் கட்டக் கத்துக்கொடுத்துப் பாருங்க, வேன் போயிடும், புள்ள நிக்கும். நான் வெல்க்ரோ ஷூ வாங்கிட்டேன்"னு. நீங்களும் கைதட்டினீங்க. அம்மா, ஹாரன் அடிக்கும்போது யாரு கத்துக்கொடுக்கச் சொன்னா? ஞாயித்துக்கிழமை சொல்லிக்கொடுங்க. ஞாயித்துக்கிழமை இவங்க எங்க? இதோ, பட்டிமன்றத்துல!

லேஸுக்கு வெல்க்ரோ. சரி. நாளைக்கு மணவறையில மூணு முடிச்சு போடணுமே? கெட்டிமேளம் கொட்டுது, மாப்பிள்ளை திரும்பி, "ஐயரே, வெல்க்ரோ இருக்கா"ன்னு கேப்பான்! என்ன சொல்றீங்க? நாத்தனார் போடுவாங்களா? ரெண்டு முடிச்சு நாத்தனார் போடட்டும்மா. முதல் முடிச்சு?

செஸ் ஆடுற நம்ம குகேஷைப் பாருங்க. உலகத்துலேயே இளைய கிராண்ட்மாஸ்டர்ங்கிற சாதனை 2019-ல வெறும் 17 நாள் வித்தியாசத்துல கைநழுவிச்சு. நம்ம வீடா இருந்தா அந்த 17 நாளை எத்தனை கல்யாண வீட்டுல சொல்லிப் புலம்பியிருப்போம்! அந்தப் புள்ள திரும்பவும் போர்டு முன்னாடி உக்கார்ந்துச்சு. 2024 டிசம்பர், சிங்கப்பூர். 18 வயசுல உலக சாம்பியன்.

பெல் அடிச்சிட்டீங்க. ஒரே நிமிஷம். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி. பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன அஞ்சு வயசுப் புள்ளையோட வலது கால்ல பஸ் ஏறிடுச்சு. முழங்காலுக்குக் கீழ நசுங்கிப்போச்சு. கணவன் துணையில்லாம செங்கல் சுமந்தும் காய்கறி வித்தும் புள்ளைங்கள வளர்த்த தாய். "நீ எங்கயும் போவாத சாமி, என்கூடவே இரு"ன்னு அந்தத் தாய் சொல்லியிருந்தா யாரு குத்தம் சொல்ல முடியும்? அந்தப் புள்ள பள்ளிக்கூட மைதானத்துல, ரெண்டு காலும் நல்லா இருக்கிற பசங்களோட போட்டி போட்டு உயரம் தாண்டிச்சு. 2016, ரியோ பாராலிம்பிக். 1.89 மீட்டர். இந்த மேடையில இருக்கிற எங்க யார் தலைக்கும் மேல அந்தக் கம்பி நிக்கும். தாண்டிட்டான் மாரியப்பன்! தங்கம்!

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்க எப்படி வேணா சொல்லுங்க. அந்தத் தாய்க்கு ஒரு கைதட்டல் வாங்கிட்டு உக்கார்ந்துடுறேன். எதிரணித் தோழி, நீங்களும்தான்மா, தட்டுங்க!