காவிரிக் குழாயும் பள்ளித் தோட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் குடிக்கும் நீரைப் பற்றியும், அப்பள்ளி வளாகங்களில் அமைய வேண்டிய காய்கறித் தோட்டங்களைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். இவற்றை வெவ்வேறு துறைகளின் வேலைகளாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இந்த மண்ணைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை என்பது என் உறுதியான கருத்து.

இம்மாவட்டங்களின் நிலத்தடிப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்னும் தாது உப்பு நீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம், குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்துள்ளது. நிறமோ மணமோ இல்லாததால் இதைக் கண்டுகொள்ளவே முடியாது. காய்ச்சிக் குடித்தாலும் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். பல் உருவாகும் சின்ன வயதில் குடித்த நீர், பல் முளைக்கும்போது வெண்திட்டாகவும் காவி நிறமாகவும் வெளிப்படுகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் இறுக்கி, நிமிரவும் உட்காரவும் முடியாமல் செய்துவிடுகிறது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பெண் பிள்ளைகளை இப்பகுதி வகுப்பறைகளில் கண்டவர்களுக்கு இதன் வலி புரியும்.

2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தத் துயரத்தைத் தணிக்கவே காவிரி நீரைக் கொண்டுவந்தது. ஆனால் காவிரிக் குழாய் வந்த பிறகும் பழைய ஆழ்துளைக் கிணறு வளாகத்தில் இருக்கத்தான் செய்கிறது. காவிரி நீர் வராத நாளில் சத்துணவுக் கூடத்து அம்மா என்ன செய்வார்? பக்கத்தில் இருக்கும் போர் தண்ணீரைத்தான் பிடித்து உலை வைப்பார். சோறு வடிக்காமல் பொங்கினால் அந்த நீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே போய்விடும். குடிப்பதற்கு மட்டும் நல்ல நீர் என்று கணக்கிடுவது போதாது. சமையலுக்கான நீரையும் சேர்த்தே தொட்டியின் கொள்ளளவைத் தீர்மானிக்க வேண்டும். போர் குழாய்க்குச் சிவப்பு வண்ணம் பூசி, கழுவுவதற்கு மட்டும் என்று எழுதி வைப்பதும் செலவில்லாத காரியம்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். ஃபுளோரைடு பாதிப்புக்கு மருந்து இல்லை. நல்ல நீரும், சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் நிறைந்த உணவுமே மருத்துவர்கள் சொல்லும் வழி. முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து உண்டு. வைட்டமின் சி-க்கு நெல்லியும் கொய்யாவும் உண்டு. வேக வைத்தால் வைட்டமின் சி பெரிதும் அழிந்துவிடும் என்பதால், பச்சையாகத் தின்னக்கூடிய கொய்யா மரம் இரண்டு பள்ளியில் நிற்பது கீரைப் பாத்தி அளவுக்கே முக்கியம். மதிய உணவு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி சேர வேண்டும். தக்காளி விலை ஏறும் மாதங்களில் முதலில் குறைவது அந்த 50 கிராம்தான். விதை ஊன்றி ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும் செடிமுருங்கை வளாகத்திலேயே நின்றால், சாம்பாருக்குக் காயும் கூட்டுக்குக் கீரையும் சந்தையை எதிர்பார்க்காமல் கிடைக்கும்.

கை கழுவும் இடத்திலிருந்து வெளியேறும் நீரைச் சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பிவிடலாம். சோப்பு நீர் கீரைப் பாத்திக்கு வேண்டாம். அதற்குக் காய்கறி அலசிய நீரே நல்லது.

இத்தகைய தோட்டங்கள் பெரும்பாலும் கருகிப்போவது மே மாதத்தில்தான். பள்ளி பூட்டியிருக்கும், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. எனவே பள்ளி மேலாண்மைக் குழு ஏப்ரல் மாதக் கூட்டத்திலேயே இரண்டு பெயர்களைத் தீர்மானத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: விடுமுறையில் மரங்களுக்கு நீர் ஊற்றுபவர் ஒருவர், ஜூனில் பள்ளி திறக்கும் முன் தொட்டியைக் கழுவி, குழாய் நீரைச் சோதனைக்கு அனுப்புபவர் ஒருவர். வணக்கம்.