மதுக்கலத்து ஆந்தை

சீனத்துப் பறவை என்றதும் கொக்கும் பீனிக்ஸும்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அவை இரண்டும் ஓரமாக இருக்கட்டும். நான் ஓர் ஆந்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஹெனான் மாநிலத்து ஆன்யாங்கில், ஷாங் அரசின் பழைய தலைநகரில், 1976இல் கொள்ளையர் கைபடாத ஒரு கல்லறையைத் தோண்டி எடுத்தார்கள். கி.மு. 1200ஐ ஒட்டிய காலம். வூ திங் மன்னரின் மனைவி ஃபூ ஹாவுடைய கல்லறை அது. அந்தப்புரத்து ராணி என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்காக 13,000 பேரைப் போருக்குத் திரட்டியதாக, அக்காலத்தில் குறி கேட்கப் பயன்படுத்திய எலும்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே 460க்கு மேற்பட்ட வெண்கலப் பொருள்கள். அவற்றில் ஒரு ஜோடி ஆந்தைகள். முன்னோருக்குப் படைக்கும் மதுவை ஊற்றிவைக்கிற கலங்கள் அவை. உயரம் சுமார் 46 செ.மீ. ஆந்தை மார்பைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. கால் இரண்டு, தரையில் ஊன்றிய வால் ஒன்று, ஆக மூன்று ஊன்றுகால். பின்மண்டையைத் தூக்கினால், அதுதான் மூடி! மூடிமேல் ஒரு குட்டிப் பறவை, அதன் பின்னால் ஒரு டிராகன். இறக்கைக்கு ஒன்றாகச் சுருண்ட பாம்புகள். அப்புறம் முதுகுப்பக்கம் போய்ப் பாருங்கள்: கைப்பிடிக்குக் கீழே இன்னோர் ஆந்தை சிறகை விரித்துப் பறக்கிறது. கலத்தின் வாய்க்கு உட்புறம் 'ஃபூ ஹாவ்' என்று இரண்டே எழுத்து.

சரி, ஏன் ஆந்தை? இருட்டிலும் கண் தெரியும், சத்தமில்லாமல் பாயும். படை நடத்துகிறவருக்குப் பொருத்தம்தான். இது என் ஊகம். கரும்பறவை ஒன்றின் முட்டையை விழுங்கிய பெண்ணின் வயிற்றில் ஷாங் குலத்தின் மூதாதை பிறந்தார் என்றொரு கதை உண்டு. அந்தப் பறவை தகைவிலான் என்பார்கள் பலர். ஆந்தையே என்று வாதாடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

கி.மு. 11ஆம் நூற்றாண்டில் சோவ் குலத்தார் ஷாங்கை வீழ்த்தினார்கள். போகப்போக வெண்கலத்தில் ஆந்தை அருகிவிட்டது. நீண்ட கொண்டையும் வாலுமாக வேறொரு பறவை அந்த இடத்துக்கு வந்தது. 'கவித்தொகை' என்னும் பழம்பாடல் திரட்டில் ஆந்தை, குஞ்சைத் தூக்கிப்போகும் திருடன்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஜியா யி என்ற கவிஞர் தலைநகரைவிட்டு விலக்கப்பட்டு சாங்ஷாவில் இருந்தார். ஒருநாள் ஆந்தையொன்று வீட்டுக்குள் பறந்துவந்து, அவர் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தது. பதறிப்போய்க் குறிநூலைப் புரட்டினார். காட்டுப் பறவை வீடு புகுந்தால் வீட்டுக்காரர் போய்விடுவார் என்று அதில் இருந்தது. எங்கே போவேன் என்று ஆந்தையிடமே கேட்டார். அது பெருமூச்சு விட்டுத் தலையைத் தூக்கிச் சிறகை அடித்ததாம்.