இடது பக்கத்து பிஸ்டன்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் ஒரு இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். டூ ஸ்ட்ரோக் வண்டிகள்தான் என் பிழைப்பு; பிரியமும் அதுதான். வானொலியில் இன்ஜின் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது, எதையும் காட்ட முடியாதே என்று முதலில் தயங்கினேன். அப்புறம் யோசித்தால், எங்கள் வேலையில் பாதி காதால் செய்கிற வேலை. சரி, பேசலாம் என்று வந்துவிட்டேன்.

ஒரே ஒரு இன்ஜினைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். ராஜ்தூத் 350. எங்களுக்கெல்லாம் அது 'ஆர்டி'. யமஹா 1973இல் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆர்டி 350தான், பத்து வருடம் கழித்து 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் மூலமாக ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே வந்தது. இரட்டை சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர். ஜப்பான் வண்டி 39 குதிரைத்திறன் கொடுத்தது. இங்கே அதை அடக்கி 30.5 ஆக்கினார்கள், பிறகு மைலேஜுக்காக இன்னும் குறைத்து 27. அப்படிக் குறைத்தும்கூட, 18 குதிரைத்திறன் புல்லட்டைப் பெரிய வண்டி என்று பார்த்துப் பழகிய ஊரில் இது வேறு ஜாதி மிருகம். பெட்ரோல் குடிக்கும், உதிரி பாகம் விலை அதிகம் என்று வீட்டுக்காரர்கள் ஒதுக்கினார்கள். பந்தயக்காரர்கள் விடவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் இந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த வண்டிகளில் சில டிராக் ரேஸுக்கு ஓடுகின்றன. வளைவு கிடையாது. கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோடு. நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் போகிறார்கள் என்பதுதான். நல்ல நிலையில் இருக்கும் ஆர்டிக்கு அது 14 வினாடி வேலை. 14 வினாடிதானே என்று தோன்றும். நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் வினாடிக்கு 133 சுற்று. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கிறது. இடையில் மூச்சு விட நேரம் இல்லை.

போன சீசனின் கடைசிப் பந்தயம். என் நண்பரின் மகன் ஓட்டினான். தம்பி என்றே சொல்கிறேன். கோட்டுக்கு வந்து நின்று இரண்டு முறை ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டான். வேலியோரம் நின்ற எனக்கு அப்போதே வயிற்றில் ஒரு கலக்கம். முறுக்கினதை விட்ட பிறகும் இன்ஜின் உடனே அடங்கவில்லை. இரண்டு, மூன்று வினாடி மேலேயே தொங்கி, அப்புறம்தான் இறங்கியது. ஓடிப்போய் நிறுத்தச் சொல்வதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. மூன்றாவது கியரில் சத்தம் ஒரு சுருதி இறங்கியது, பின்சக்கரம் கீச்சென்றது. எப்போதும் இரண்டு விரலைக் கிளட்ச்சின் மேல் வைத்து ஓட்டுகிற பையன், அதனால் பிழைத்தான். வண்டி உருண்டு வந்து நின்றது. இடது பக்கத்து பிஸ்டன் சீஸ். அதாவது, சிலிண்டருக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொண்டது.

அந்த இடது பிஸ்டனுக்கு அது மூன்றாவது முறை.

முந்தைய இரண்டு முறையும் வேறொரு பட்டறையில் போர் எடுத்து, அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கொஞ்சம் சீவிப் பெரிதாக்கி, புது பிஸ்டன் போட்டு, ஓட்டிப் பார் என்று கொடுத்திருக்கிறார்கள். ஏன் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. தம்பியும் என்னிடம் வந்து அதையேதான் சொன்னான். "பிஸ்டன் மட்டும் மாத்திக் குடுங்கண்ணா, போதும்." முடியாது என்றேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, அடுத்த சீசனுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. சீசன் நடுவில் நாம் இன்ஜினுக்கு முதலுதவிதான் செய்ய முடியும். நோயைத் தேட இந்த இடைவெளியை விட்டால் வேறு காலம் இல்லை.

முதலில் செய்தது, ஒரு போல்ட்டையும் கழற்றாமல் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். இன்ஜினைப் பிரித்துவிட்டால் பாதி சாட்சி போய்விடும். எது எதற்குள் எவ்வளவு இறுக்கமாக இருந்தது, எங்கே காற்று போனது என்பதெல்லாம் மூடியிருக்கும்போதுதான் தெரியும். பிளக் இரண்டையும் எடுத்துப் பார்த்தோம். வலது பக்கம் நல்ல பழுப்பு, வறுத்த கொத்தமல்லி நிறம். இடது பக்கம் சுண்ணாம்பு போல வெளுப்பு. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று பார்த்தோம். இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கேதான் பலபேர் ஏமாந்துவிடுகிறார்கள். கம்ப்ரஷன் என்பது பிஸ்டனுக்கு மேலே இருக்கும் கதை. டூ ஸ்ட்ரோக்குக்குப் பிஸ்டனுக்குக் கீழேயும் ஒரு கதை உண்டு. பெட்ரோலும் காற்றும் நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே, அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு இருக்கும் சாம்பர் என்கிற அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்ப்ரேட்டரிலிருந்து கலவையை உறிஞ்சுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அமுங்கி, பக்கவாட்டுத் துளைகள் வழியாக மேலே போகிறது. ஆக, அந்தச் சாம்பர் ஒரு பம்ப். காற்றுப் புகாமல் இருந்தால்தான் அது பம்ப். கிராங்கின் இரண்டு முனையிலும் இருக்கிற ஆயில் சீல்கள்தான் அதற்குக் காவல்.

வலது பக்கத்து சீல் போனால் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் கிளட்ச் இருக்கிறது, கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும். இடது பக்கம் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட். அங்கே ஆயில் கிடையாது, வெறும் காற்று. சீல் போனால் அந்தக் காற்றை இழுக்கும். புகையும் இல்லை, ஒழுகலும் இல்லை. கலவையில் பெட்ரோல் குறைகிறது, பெட்ரோலோடு வருகிற ஆயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது. முறுக்கினதை விட்டும் இன்ஜின் தொங்கியதும், பிளக் வெளுத்ததும் இந்த ஒரே காரணத்தைத்தான் காட்டின.

சந்தேகம் போதாது, காட்ட வேண்டும். சைலன்சர்களையும் கார்ப்ரேட்டர்களையும் எடுத்துவிட்டு, நான்கு வாயையும் சைக்கிள் டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடைத்தோம். ஆர்டியில் இரண்டு சாம்பருக்கும் நடுவே இருப்பது ரப்பர் சீல் அல்ல, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஒரு வளையம். அது வழியாகக் கொஞ்சம் காற்றுக் கசிவது இயல்பு. அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அடைத்துச் சோதிக்க வேண்டும். காற்றடிக்க நான் வைத்திருப்பது டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, முள் வைத்த பழைய மாதிரி. அதன் 300 என்ற எல்லை, டயர் காற்றுக்குச் சொல்கிற அதே பிஎஸ்ஐ கணக்கில் ஏறத்தாழ 6. இந்தச் சோதனைக்கு வேண்டியதும் அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல், அதாவது அந்த முள்ளில் 50க்கு மேல் இறங்கக் கூடாது.

பந்தை அமுக்கி 300க்கு ஏற்றினோம். கையை எடுத்த உடனே முள் இறங்க ஆரம்பித்தது. அரை நிமிடத்தில் 120.

மேக்னெட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் இடது சீலைச் சுற்றித் தடவினேன். தம்பியை மறுபடி அமுக்கச் சொன்னேன். சீலின் கீழ்ப் பக்கம், கடிகாரத்தில் ஐந்து மணி இருக்கும் இடத்தில், ஒரு குமிழி மெதுவாக ஊதிப் பெருத்து உடைந்தது. உடனே அடுத்தது. பையன் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பிஸ்டனைத் தின்ற ஓட்டை, ஊசி முனை அளவு.

அப்புறம்தான் பிரித்தோம். இடது பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்திருந்தது. அது சூட்டினால் வந்த காயம். நான்கு மூலையிலும் சமமாக உரசியிருந்தால் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். பிஸ்டனின் மேல் விளிம்பு கறையான் அரித்த மாதிரி இருந்தால் கலவை தாறுமாறாக வெடித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் இல்லை. எல்லாச் சாட்சியும் சீலையே காட்டியது.

ஆனால் அந்த சீல் பழசு அல்ல. போன சீசனுக்கு முன்பு போட்டது, ரப்பர் இன்னும் மிருதுவாகவே இருந்தது. உதடு மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புது சீல் ஒரு பக்கமாக ஏன் தேய வேண்டும்?

கிராங்கை வி பிளாக் என்கிற பள்ளமுள்ள தாங்கியில் படுக்க வைத்து, இடது முனையில் நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினேன். முள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்பது பங்கு ஆடியது. மூன்றுக்கு மேல் ஆடக் கூடாது. ஆர்டி கிராங்க் ஒரே துண்டு கிடையாது; தகடுகளையும் பின்களையும் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. டிராக் ரேஸில் இன்ஜினை உச்சத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்ச்சைப் படக்கென்று விடுகிறோம் அல்லவா, அந்த அடி ஒவ்வொன்றும் அந்தப் பின்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குகிறது. முறுக்கிய கிராங்கின் முனை ஆடுகிறது, ஆடுகிற முனை சீலைத் தின்கிறது. பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் செட்டும் அதே முனையில்தான் இருக்கிறது, அதனால் அந்த நேரம், அதாவது டைமிங்கும் நிலையாக நிற்காது. ஆக, சீலை மட்டும் மாற்றியிருந்தால் நான்காவது பிஸ்டனும் போயிருக்கும்.

எங்கள் ஊரில் கிராங்க் பிரஸ் வேலை மட்டுமே செய்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். புது பின், புது பேரிங் போட்டுச் சேர்த்த பிறகு, டயலைப் பார்த்து, தகட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, செம்புச் சுத்தியால் ஒரே ஒரு அடி அடிப்பார். மறுபடி சுற்றிப் பார்ப்பார். எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. நான் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்; மொத்தம் பதினைந்து அடிகூட இருக்காது. ஒன்பது, இரண்டாக இறங்கியது. மறுபடி முறுக்காமலிருக்கப் பின்களில் பொட்டு பொட்டாக வெல்டு வைத்துக் கொடுத்தார்.

இனி மனசு வலிக்கிற பகுதி. இந்த சிலிண்டரின் பிறவி அளவு 64 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் வீதம் நான்கு முறைதான் பெரிதாக்கலாம். தம்பி வாங்கும்போதே முதல் போர் முடிந்திருந்தது. காரணம் தேடாமல் எடுத்த இரண்டு போர்கள் அதை 64.75க்குக் கொண்டுவந்துவிட்டன. இப்போது 65. இதோடு கடைசி. சீவி எடுத்த இரும்பு திரும்ப வராது, தொழிற்சாலையில் இந்த பிளாக்கைச் செய்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. 347 சிசி, 358 ஆனது என்று பையன் சந்தோஷப்பட்டான். எனக்குச் சந்தோஷமில்லை. அந்த இரண்டு அளவும் இன்னும் எத்தனை வருடப் பந்தயத்துக்கு வந்திருக்கும்!

லேத்துக்காரரிடம் பிஸ்டனைக் கையில் கொடுத்து, இதை அளந்து இதற்கு ஏற்ப எடுங்கள் என்று சொன்னோம். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி எடுப்பது தப்பு. இடைவெளி இரண்டு தவ், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. போர் எடுத்து வந்ததும் துளைகளின் ஓரம் பிளேடு மாதிரி கூராக இருக்கும். சின்ன அரத்தாலும் எமரி தாளாலும் அந்தக் கூரை மழுக்க வேண்டும், இல்லையென்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதில் மாட்டி உடையும். ஒரு பிளாக்குக்கு ஒரு சாயங்காலம் ஆனது. தம்பியைத்தான் செய்ய வைத்தேன். விரல் நுனியைத் துளைக்குள் விட்டு, இங்கே இன்னும் இருக்குதுண்ணா என்று அவனே சொல்லும்வரை விடவில்லை.

கிளட்ச், கியர் பாக்ஸில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு பிளேட் செட் மாற்றினோம். கார்ப்ரேட்டர்களின் கிண்ணத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் மழைக்காலத்துக்கு நிறுத்தும் முன்பு டேங்கையும் கார்ப்ரேட்டரையும் வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

எல்லாம் கூட்டி, பேக்கிங் போட்டு இறுக்கிய பிறகு மறுபடி அதே நான்கு வாயையும் அடைத்து, அதே பந்தை அமுக்கினோம். 300. தம்பி செல்போனில் நேரம் பார்த்தான். பட்டறையில் யாரும் பேசவில்லை, வெளியே மழை. ஆறு நிமிடம் கழித்து முள் 290இல் நின்றது.

நான்காவது உதையில் இன்ஜின் எழுந்தது. முறுக்கி விட்டதும், விட்ட நொடியே அடங்கியது. டைமிங் லைட்டை அடித்தால் குறி ஆடாமல் அப்படியே நிற்கிறது. இருநூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தேன், பையன் பொறுமையாக ஓட்டிவிட்டான். முந்தாநாள் பிளக்குகளை எடுத்து மேசையில் வைத்தோம். இரண்டும் ஒரே பழுப்பு. எது இடது, எது வலது என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

நன்றி, வணக்கம்.