வரி போன பிறகும் எல்லை நிற்கிறது

வணக்கம் நேயர்களே.

2025 ஆகஸ்டில் சுவிஸ் பொருள்களுக்கு அமெரிக்கா 39 வீத வரி போட்டபோது, நம்மவர்கள் கூடிய இடமெல்லாம் அதே பேச்சாக இருந்தது. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கும் கவலை, இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கும் கவலை. நவம்பரில் அதை 15 வீதமாகக் குறைக்க உடன்பாடு வந்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. நியாயமான கவலைதான். ஆனால் அந்தப் பேச்சில் பக்கத்து நாடுகள் காணாமலே போய்விட்டன. தங்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், சுவிஸ் வெளியிலிருந்து வாங்கும் பொருள்களில் ஏறத்தாழ 70 வீதம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வருகிறது. விற்பதில் ஏறத்தாழப் பாதி அங்கேதான் போகிறது. முதலிடம் ஜேர்மனிக்கு. இத்தாலியும் பிரான்சும் முன்வரிசையில் உள்ளவை, ஒஸ்திரியாவும் கூடவே. வாசலுக்கு வெளியே நடக்கும் இந்த வியாபாரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் பாசலில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கும் வேலையில் இருப்பவன். சுவிசில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை கனரக லொறிகள் ஓடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் ஓடக்கூடாது. அதனால் விடியற்காலையில், குறிப்பாகத் திங்கட்கிழமைகளில், பாசலை ஒட்டிய ஜேர்மன் ஊரான வைல் அம் ரைனின் எல்லைச் சாவடியில் லொறிகள் வரிசையாக நிற்கும். பார்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஐரோப்பாவோடு சுதந்திர வர்த்தகம் என்கிறார்கள், பிறகு ஏன் இந்த லொறி நிற்கிறது?”

கேள்வி சரியானது. சுவிஸ் அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு 1972இல் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்தது. 1973 ஜனவரி 1இல் அது நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பொருள்களுக்கு இரண்டு பக்கமும் சுங்க வரி நீங்கியது. அது போதாதென்று 2024 ஜனவரி 1 முதல், உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் தொழிற்சாலைப் பொருளுக்குச் சுங்க வரி இல்லை என்று சுவிஸ் தானாகவே அறிவித்துவிட்டது. அதற்கு முன்பு இங்கே வரி எடையின் மேல்தான், 100 கிலோவுக்கு இத்தனை பிராங் என்று. பட்டுச் சட்டையானாலும் பருத்திச் சட்டையானாலும் தராசில் ஏற்றி, பெட்டியின் எடையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த நாடு இது.

அப்படியிருந்தும் லொறி நிற்பதற்குக் காரணம், சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒரே சுங்க வேலிக்குள் இல்லை என்பது. அந்த வேலி ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் பொது. நாம் அதற்கு வெளியே. லிக்டென்ஸ்டைன் மட்டும் 1924 முதல் நம்மோடு ஒரே சுங்கப் பகுதியாக இருக்கிறது. அந்த எல்லையைக் கடந்தால் கடந்ததே தெரியாது.

ஒரு டீசேர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் தைத்தது. சூரிச்சில் ஒரு வியாபாரி அதை இறக்குகிறார், சுங்க வரி இல்லை. விற்காமல் மிஞ்சியதை ஜேர்மனியில் ஒரு கடைக்கு அனுப்பப் பார்க்கிறார். அங்கே 12 வீதம் வரி கேட்பார்கள். “சுவிசிலிருந்துதானே வருகிறது?” என்று அவர் வாதாடலாம். பயனில்லை. 1972 ஒப்பந்தம் சுவிசில் அல்லது ஐரோப்பாவில் உற்பத்தியான பொருளுக்குத்தான். வந்த வழி எதுவானாலும் அந்தச் சேர்ட் சீனப் பொருள்.

சேர்ட் சின்ன விடயம். ஓர் இயந்திரம் என்றால் வேலை கூடும். அதில் மோட்டார் ஜேர்மனியுடையது, மின்னணுப் பலகை தாய்வானுடையது, சட்டகம் ஆர்காவ் மாநிலத்தில் வார்த்தது, பொருத்தியது இங்கே. இது சுவிஸ் பொருளா? அதற்கு ஒப்பந்தத்திலேயே விதி இருக்கிறது. வெளியிலிருந்து வந்த உதிரிகளின் விலை மொத்த விலையில் எவ்வளவு என்று ஒவ்வொரு உதிரிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். உதிரி கொடுத்தவரிடமிருந்து அது எங்கே செய்யப்பட்டது என்று எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். சரக்கின் மதிப்பு 10,300 பிராங்குக்குள் இருந்தால் பற்றுச்சீட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதற்கு மேலே போனால், தனி அனுமதி பெற்ற நிறுவனமாக இல்லாவிட்டால், யூர்-1 என்கிற பச்சைப் பின்னல் அச்சிட்ட படிவம் வேண்டும். இந்தச் சான்று இல்லாத இயந்திரம் ஜேர்மன் எல்லையில் வரி கட்டித்தான் உள்ளே போகும்.

2024 மாற்றத்தில் ஒரு விடயம் வெளியில் அதிகம் பேசப்படவில்லை. சுவிஸ் பக்கத்தில் வரி போனதும், உள்ளே கொண்டுவருபவர்களில் சிலர், “இனி உற்பத்தி நாட்டுச் சான்று எதற்கு?” என்று அதைக் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டார்கள். கொண்டுவந்ததை இங்கேயே விற்றால் பிரச்சினை இல்லை. அந்த உதிரியை இயந்திரத்தில் பொருத்தி மறுபடி ஐரோப்பாவுக்கு அனுப்பும்போதுதான் தெரிகிறது, கையில் சான்று இல்லை, எனவே அந்த ஜேர்மன் மோட்டாரை ஐரோப்பியப் பொருளாகக் கணக்கில் சேர்க்க முடியாது என்று. சின்னத் தொழிற்கூடங்கள் இதில்தான் இடறுகின்றன. வரி நீங்கியது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வரியோடு காகிதமும் போய்விட்டது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

உணவுப் பொருளில் கதை வேறு. அங்கே வரி இன்னும் இருக்கிறது, பருவத்துக்குப் பருவம் மாறவும் செய்கிறது. இங்கே தக்காளி விளையாத குளிர்காலத்தில் வெளித் தக்காளிக்கு வரி குறைவு. உள்ளூர்த் தோட்டத்தில் காய்க்கத் தொடங்கினால் கூடும். சுவிஸ் விவசாயியைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. சீஸ் மட்டும் விதிவிலக்கு. 2007 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சுவிசுக்கும் இடையே சீசுக்கு வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை.

நாம் சனிக்கிழமைகளில் எட்டாம் இலக்க ட்ராமில் ஏறி வைலுக்கு இறைச்சி வாங்கப் போவதும் இந்த வியாபாரத்தில் அடக்கம்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ இறைச்சி கொண்டுவரலாம். அதற்கு மேல் பத்துக் கிலோ வரை கிலோவுக்கு 17 பிராங் சுங்கம். இது ஒரு கணக்கு. பெறுமதி சேர் வரி வேறு கணக்கு. முன்பு ஆளுக்கு 300 பிராங் வரை விலக்கு இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் அதை 150 ஆக்கிவிட்டார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, “300 வரை எதுவும் கொண்டுவரலாம்” என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நேயர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

எல்லை தாண்டிப் போகும் இந்தக் கூட்டம் பெருகியதற்குப் பிராங்கின் பலமும் காரணம். 2011 செப்டம்பரில் சுவிஸ் தேசிய வங்கி ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று ஓர் அடிமட்டம் வைத்தது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பில்லாமல் அதை விட்டுவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே சரிந்தது. எல்லைக்கு அப்பால் ஜேர்மன் நகரமான கொன்ஸ்டான்சின் கடைகளில் வரிசை நீண்டது. இந்தப் பக்கம், யூரோவில் விலை பேசி விற்ற தொழிற்சாலைகள் ஒரே இரவில் வருமானத்தில் ஒரு பங்கை இழந்தன. சம்பளத்தைக் கூட்டாமல் வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை வாங்கிய இடங்கள் உண்டு. நம்மவர்களில் சிலருக்கு அது நினைவிருக்கும்.

அடுத்தது பாதை. கடல் இல்லாத நாடு இது. பாசலின் ரைன் துறைமுகங்கள் வழியாக இறக்குமதியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வருகிறது, எரிபொருளின் பெரிய பங்கு அதில்தான். 2018இலும் 2022இலும் ரைனில் தண்ணீர் வற்றியபோது கப்பல்கள் பாதிச் சுமைகூட இல்லாமல் ஓடின, கட்டணம் ஏறியது. அதைவிட என்னை உலுக்கியது 2017 ஆகஸ்ட் 12. ஜேர்மனியில் ரஸ்டாட் என்ற ஊரில், ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டும்போது தண்டவாளம் இறங்கிவிட்டது. ரொட்டர்டாமிலிருந்து ஜெனோவா வரை போகும் சரக்குப் பாதை அக்டோபர் 2 வரை அங்கே அறுந்து கிடந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் 57 கிலோமீட்டர் கொத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தைத் திறந்து நாடே கொண்டாடியிருந்தது. மாற்றுவழி பிரான்ஸ் வழியாக இருந்தது, ஆனால் பிரெஞ்சு பேசவும் அந்தப் பாதையை அறிந்தும் இருந்த ரயில் ஓட்டுநர்கள் போதவில்லை. பெட்டிகள் காத்துக் கிடந்தன. மலையைக் குடைந்து வழி செய்தாலும், அந்த வழி பக்கத்து நாட்டின் நிலத்தில்தான் தொடங்குகிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். 1992 டிசம்பர் 6 அன்று ஒன்றியத்தின் பொதுச் சந்தைக்குள் கொண்டுபோகும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்வதா என்று மக்களிடம் கேட்டபோது, 50.3 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு விடயத்துக்கும் தனித்தனி ஒப்பந்தம் பேசினார்கள். 1999இல் கையெழுத்தாகி 2002 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஏழில் ஒன்று, பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம். இங்கே பரிசோதித்துச் சான்று கொடுத்த பொருளை அங்கே மறுபடி சோதிக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். சுங்க வரியைப் போல இது பத்திரிகைத் தலைப்பில் வருவதில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு உயிர்நாடி இது.

2021 மே 26 அன்று, இந்தத் தனித்தனி ஒப்பந்தங்களுக்குப் பொது விதிகள் வகுக்க ஒன்றியத்தோடு நடந்த சட்டக ஒப்பந்தப் பேச்சைச் சுவிஸ் அரசு முறித்துக்கொண்டது. அதே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய மருத்துவக் கருவி விதி நடைமுறைக்கு வந்தது, அங்கீகார ஒப்பந்தத்தின் அந்தப் பகுதி புதுப்பிக்கப்படவில்லை. முந்தின நாள் வரை உள்ளூர்ச் சரக்கு போலப் போன ஒரு செயற்கை மூட்டு, அன்று முதல் மூன்றாம் நாட்டுச் சரக்கு. வரி ஒரு சதமும் கூடவில்லை. ஆனால் ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை நியமித்து, அவருடைய பெயரும் முகவரியும் ஒட்டினால்தான் பெட்டி உள்ளே போகும். பெரிய நிறுவனங்களுக்கு ஏற்கெனவே ஜேர்மனியில் கிளை இருந்தது, சமாளித்துவிட்டன. இருபது முப்பது பேர் வேலை செய்யும் கூடங்களுக்கு அது ஆண்டுதோறும் வரும் செலவு. இங்கே வரும் கருவிகளுக்கும் சுவிஸ் பிரதிநிதி வேண்டும் என்றாகிவிட்டது.

இயந்திரங்களுக்கான ஒன்றியத்தின் புதிய விதி 2027 ஜனவரி 20 முதல் பொருந்தும். அங்கீகாரப் பகுதி புதுப்பிக்கப்படாவிட்டால் இயந்திரத் தொழிலுக்கும் இதுவேதான் நடக்கும் என்ற பயம் அந்தத் துறையில் இருக்கிறது. அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். 2024 டிசம்பரில் ஒன்றியத்தோடு பேசி முடித்த புதிய ஒப்பந்தத் தொகுப்பில் இந்த அங்கீகாரமும் இருக்கிறது, மின்சார வியாபாரமும் இருக்கிறது. மக்கள் வாக்கெடுப்புக்கு அது வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வரும்போது மேடைகளில் குடியேற்றம் பற்றியும் அந்நிய நீதிபதிகள், அதாவது ஒன்றியத்தின் நீதிமன்றம், பற்றியும்தான் சத்தம் கேட்கும். அவற்றிலும் உங்களுக்குக் கருத்து இருக்கட்டும். கூடவே, அங்கீகாரம் பற்றிய பக்கங்களையும் திறந்து வாசியுங்கள். உங்கள் தொழிற்சாலையின் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மேலாளரிடம் கேளுங்கள். பிறகு வாக்களியுங்கள்.

நன்றி, வணக்கம்.