எந்த அத்தை?

நேயர்களுக்கு வணக்கம்.

பரம்பரையாக வரும் புற்றுநோய் பற்றிய மரபணு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் உடனே ரத்தம் எடுப்பதில்லை. முதலில் ஒரு தாளில் அவர்கள் குடும்பத்தை வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவரைக் கறுப்பாக்கிவிடுவோம். குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும்.

நம் வீடுகளை வரைவதில் ஒரு சின்னத் தொல்லை இருக்கிறது. "எங்க அத்தைக்கு மார்பில் கட்டி இருந்துச்சு" என்பார் வந்தவர். எந்த அத்தை? அப்பாவின் அக்காவா, தாய்மாமன் மனைவியா, மாமியாரா? மூவரையும் அத்தை என்றுதான் அழைக்கிறோம். எனக்கு வேண்டியவர் அப்பாவின் அக்கா. அவர்தான் ரத்த உறவு. சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடாக இருந்தால் மாமியாரே அப்பாவின் அக்காவாகவும் இருப்பார், அப்போது என் பேனா கொஞ்சம் திணறும். சித்தி என்றாலும் இதே கதைதான்.

அடுத்த சிக்கல் நோயின் பெயர். பழைய தலைமுறையில் யாரும் புற்றுநோய் என்று சொல்லி இறக்கவில்லை. "பாட்டிக்கு வயித்துல நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள். அது கல்லீரல் கோளாறாக இருக்கலாம், சினைப்பைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சரி, இவ்வளவு துருவுவது எதற்கு? எந்தப் புற்றுநோயானாலும் அடியில் இருப்பது மரபணு மாற்றம்தான். ஆனால் பெரும்பாலும் அது வாழ்நாளில், அந்த உறுப்பின் செல்லுக்குள் மட்டும் நேர்வது. சினைப்பைப் புற்றுநோயில் பரவலாகக் காணப்படும் தீவிர வகையை எடுத்தால், அநேகமாக எல்லாக் கட்டியிலும் டிபி53 என்ற மரபணு கெட்டிருக்கும். அது கட்டியோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வரும் பழுது வேறு. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இந்த ரகம். சினைப்பையில் இதைவிடக் கூடுதல்.

1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங், மார்பகப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்த குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு ஒன்று 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். அதுதான் பிராக்கா-1. 13ஆவது குரோமோசோமில் இருக்கும் பிராக்கா-2 சில ஆண்டுகள் கழித்துப் பிடிபட்டது. "எனக்கு பிராக்கா இருக்கா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் இருக்கிறது. அறுந்த டிஎன்ஏ இழையைச் சேர்த்துத் தைப்பதுதான் அதன் வேலை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள். ஒன்று பிறவியிலேயே பழுதாக வந்து, மிச்சமிருந்த நல்லதும் ஏதோ ஒரு செல்லில் கெட்டுப்போனால், அங்கே தையல்காரர் இல்லை.

பிராக்கா-1 பழுதுள்ள பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்குச் சுமார் 72 பேருக்கு மார்பகத்திலும், 44 பேருக்குச் சினைப்பையிலும் புற்றுநோய் வருவதாக 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களின் கணக்கு அது. நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க எனக்குத் தயக்கம்.

ஆனால் பழுது நம் ஊரிலும் உண்டு. பிராக்கா-1இல் இரண்டே இரண்டு டிஎன்ஏ எழுத்து விடுபட்டுப் போகும் ஒரு பிழை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் மிகுதியாக இருப்பதால் பெயர் பெற்றது. அடையாறு புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியப் பெண்களிடமும் அதே பிழை அடிக்கடி தென்பட்டது. ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தபோது, யூதர்களோடு தொடர்பின்றி இங்கே தனியாகவே அது தோன்றியிருப்பதாகத் தெரிந்தது.

இனி அத்தைக்கு வருவோம். "அம்மா வழியில யாருக்கும் இல்லையே, எனக்கு எப்படி?" இதைக் கேட்காத வாரமே இல்லை. 13, 17 இரண்டும் ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவான குரோமோசோம்கள். பழுதுள்ள அப்பாவிடமிருந்தும் மகளுக்கோ மகனுக்கோ அது போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்பாவுக்குச் சினைப்பை இல்லை, மார்பகப் புற்றுநோயும் ஆண்களுக்கு அபூர்வம். பிராக்கா-2 என்றால் புராஸ்டேட் பக்கம் தலைகாட்டலாம். இல்லாவிட்டால் மீசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டு பேத்திவரை போய்விடும். கூடப்பிறந்த அக்கா தங்கைகளிடம்தான் அது வெளியே தெரியும்.

தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது. மார்பகத்துக்கு எம்ஆர்ஐ பார்த்துக் கண்காணிக்கலாம். சினைப்பைக்கு நம்பகமான முன்கூட்டிய சோதனை இன்றுவரை கிடையாது; அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறோம். நோயே வந்தவர்களுக்கு 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஓலாபரிப் போன்ற மருந்துகள் உண்டு. தையல்காரர் இல்லாத அந்தச் செல்லில், மிச்சமிருக்கும் ஒட்டுப்போடும் ஆளையும் நிறுத்திவிட்டால் செல் பிழைக்காது; அதுதான் அந்த மருந்தின் தந்திரம்.

ஒருமுறை, சினைப்பைப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா பக்கம் சுத்தம். அப்பா பக்கம் ஓர் அத்தை, "ஏதோ காய்ச்சல்ல போயிட்டாங்க." அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார், உள்ளே கூப்பிட்டேன். அத்தை எதனால் இறந்தார் என்றதும் மகளைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

"மார்லதான்மா. அப்ப உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தோம், அதான் வெளிய சொல்லல."

அந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அத்தைக்கு மகள்கள் உண்டா என்று கேட்டேன். இரண்டு பேர் என்றார்.

நன்றி, வணக்கம்.