அடி மேல் அடி: ஒலிம்பிக் வனத்துக்கு ஒரு சட்டம் வேண்டும்

(சியாட்டல் பகுதித் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்த விழாவைத் தோளில் சுமந்து நடத்திக்கொண்டிருக்கும் செயலாளர் அம்மையார் அவர்களே, தமிழ்ப் பள்ளியின் ஆசிரியப் பெருமக்களே, தமிழ் தெரியாவிட்டாலும் நம் அழைப்பை மதித்து வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இருந்து மெல்ல மொழிபெயர்த்துச் சொல்லும் தங்கையே, அனைவருக்கும் என் வணக்கம்.

இன்னொருவரை நான் தனியாக வணங்க வேண்டும். மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஐயா ஒருவர் நம்மிடையே இருக்கிறார். தமிழ்நாட்டில் வனச்சரகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காட்டைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிட அவருக்கே உரிமை அதிகம். ஐயா, தாங்கள் முன்னால் அமர்ந்திருப்பதே எனக்குப் பெரிய ஊக்கம். எனக்கு முன்னால் பாடிய குழந்தைகளுக்கும், காலையிலிருந்து சமையற்கூடத்தில் நின்றுகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். காட்டைக் காப்பதற்கு இந்த நாட்டில் சட்டம் என்ன செய்கிறது என்பது முதலாவது. சியாட்டலுக்கு மேற்கே, கடலுக்கு அந்தப் பக்கம், நம் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் இன்னும் காப்பில்லாமல் கிடப்பது எது என்பது இரண்டாவது. மரத்தை நம்பி வாழும் ஊர்களின் அச்சம் மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவாக என் பாட்டி சொல்லிக்கொண்டே இருந்த பழமொழி ஒன்று உண்டு. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் தேசியப் பூங்காவையும் தேசிய வனத்தையும் ஒன்றென்றே நினைக்கிறோம். பூங்கா உள்துறை அமைச்சகத்தின் கையில். தேசிய வனம் வேளாண் துறையின் கீழ் இயங்கும் வனச் சேவையின் கையில். பூங்காவில் மரம் வெட்டி விற்க மாட்டார்கள். தேசிய வனத்தில் மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், மாடு மேய்க்கலாம், லாரி போகச் சாலை போடலாம். அந்த வனத்துக்குள்ளேயே ஒரு பகுதியைப் பிரித்து, இங்கே இனிச் சாலை இல்லை, மோட்டார் இல்லை, வணிக மரவெட்டு இல்லை என்று எல்லை கட்டினால், அதைத்தான் வில்டர்னஸ் என்கிறார்கள். வனாந்தரம் என்று நான் சொல்கிறேன். அங்கே நடக்கலாம், முகாமிடலாம், மீன் பிடிக்கலாம், வேட்டைக்கும் குதிரைக்கும் தடையில்லை. பாதையில் விழுந்த மரத்தைக்கூட மோட்டார் ரம்பத்தால் அறுக்க மாட்டார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இருவர் இழுக்கும் கை ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள்.

அந்த எல்லையைக் கட்டும் அதிகாரம் காங்கிரசுக்கு, அதாவது இந்த நாட்டின் நாடாளுமன்றத்துக்கு, மட்டுமே உண்டு. குடியரசுத் தலைவரே விரும்பினாலும் தனியாகச் செய்ய முடியாது. 1964 செப்டம்பர் 3 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டம் அப்படி வகுத்தது. அதை எழுதிய ஹோவர்ட் சானிசர் 66 முறை திருத்தி எழுதினார். 1956-ல் முதன்முதலாக அவைக்குப் போன மசோதா அது. கையெழுத்துக்கு நான்கு மாதம் முன்பு, மே மாதத்தில், அவர் இறந்துபோனார். கையெழுத்தான அன்று அவர் மனைவி ஆலிஸ்தான் அங்கே நின்றார். ஒரே நாளில் 91 லட்சம் ஏக்கர் காப்புக்குள் வந்தது. அடி மேல் அடி.

இப்போது ஒரு கதை. நீங்கள் எல்லோரும் ஐ-90 நெடுஞ்சாலையில் ஸ்னோகுவால்மி கணவாய் வரை போயிருப்பீர்கள். கோடையில் ஏரிகளைப் பார்க்கக் குழந்தைகளோடு மலை ஏறியிருப்பீர்கள். அந்தச் சாலைக்கும் வடக்கே ஸ்டீவன்ஸ் கணவாய்ச் சாலைக்கும் நடுவில் விரிந்து கிடக்கும் மலைநாட்டுக்கு ஆல்பைன் ஏரிகள் வனாந்தரம் என்று பெயர். எழுநூறுக்கு மேற்பட்ட ஏரிகள் அங்கே இருக்கின்றன. அதைக் காக்க 1968-ல் இந்தப் பகுதிக்காரர்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். மலையேறிகளும் இல்லத்தரசிகளும் ஆசிரியர்களும், நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டைப் பார்க்கிறவர்களும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள், விசாரணைக் கூட்டங்களில் எழுந்து நின்று பேசினார்கள். எட்டாண்டுகள் ஓடின. 1976-ல் மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறிவிட்டது.

நிறைவேறிய பிறகுதான் பெரிய கண்டம் வந்தது. கையெழுத்திட வேண்டாம், நிராகரித்துவிடுங்கள் என்று அதிகாரிகள் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டுக்குப் பரிந்துரை எழுதிவிட்டார்கள். எட்டாண்டு உழைப்பு ஒரு மேசையில் போய் நின்றுவிட்டது. அப்போது இந்த மாநிலத்தின் ஆளுநர் டான் எவன்ஸ். குடியரசுக் கட்சிக்காரர், கட்டுமானப் பொறியாளர். இங்கே எத்தனை பொறியாளர்கள் இருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்! பார்த்தீர்களா, பாதி அரங்கம். எவன்ஸ் சிறுவனாக இருந்தபோதே சாரணர் படையோடு ஒலிம்பிக் மலைகளில் நடந்து திரிந்தவர். அவர் புறப்பட்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். கையில் என்ன கொண்டுபோனார் என்று நினைக்கிறீர்கள்? புள்ளிவிவரக் கட்டா? வழக்கறிஞர் கருத்துரையா? அந்த ஏரிகளின் படங்கள் நிறைந்த பெரிய புகைப்படப் புத்தகம் ஒன்று.

அதை அவர் ஃபோர்டின் முன்னால் விரித்து வைத்தார். ஃபோர்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். ஃபோர்டும் சாரணராக வளர்ந்தவர். 1936 கோடையில் யெல்லோஸ்டோன் பூங்காவில் ரேஞ்சராகச் சம்பளம் வாங்கி வேலை பார்த்தவர். தொப்பி போட்டு, சீருடை போட்டு, காட்டில் நின்ற ஒரு இளைஞன் அந்தப் பெரிய மனிதருக்குள்ளே இன்னும் இருந்தான். நம் வனச்சரகர் ஐயா தலையாட்டுகிறார், அவருக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தைப் பார்த்த ஃபோர்டு, அதிகாரிகளின் பரிந்துரையைத் தள்ளிவைத்துவிட்டு, 1976 ஜூலை 12 அன்று கையெழுத்திட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஆளுநரின் சாமர்த்தியத்தோடு நிறுத்திவிடுவார்கள். என் கருத்து வேறு. எட்டாண்டுகள் சாதாரண மக்கள் எழுதிய கடிதங்கள் இல்லையென்றால், ஆளுநர் காப்பாற்றிக் கொண்டுவர ஒரு மசோதாவே அந்த மேசையில் இருந்திருக்காது. என் பாட்டியின் அம்மியை நகர்த்தியவர்கள் அவர்கள்.

அதே எவன்ஸ் பிறகு செனட்டரானார். 1988-ல் இந்த மாநிலத்தின் மூன்று பெரிய தேசியப் பூங்காக்களுக்கும் வனாந்தரக் காப்பு வாங்கித் தந்த சட்டத்துக்கு முன்னின்றார். ஒலிம்பிக் பூங்காவில் மட்டும் 8,76,000 ஏக்கருக்கு மேல். இன்று அந்த வனாந்தரத்துக்கு டேனியல் எவன்ஸின் பெயர். 2017-ல் பூங்காவின் ஹரிக்கேன் ரிட்ஜ் மலைமுகட்டில் அந்தப் பெயர் சூட்டும் விழாவுக்கு அவரே வந்திருந்தார். 2024-ல் மறைந்தார்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். பூங்கா பத்திரமாக இருக்கிறது. ஆனால் பூங்காவைச் சுற்றி, மலையின் இடுப்பிலும் காலிலும் கிடப்பது ஒலிம்பிக் தேசிய வனம், ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல். பனி உருகும் உச்சி பூங்காவில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஆறாகி இறங்கும் பள்ளத்தாக்குகளில் பல இந்த வனத்துக்குள் வருகின்றன. டோசிவாலிப்ஸ், டக்கபுஷ், ஹம்மா ஹம்மா, ஸ்கோகோமிஷ், வைனூச்சி என்று பெயர்களைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சில பத்தாண்டுகள் இந்த வனத்தின் சரிவுகளை மொட்டையடித்தார்கள். மரம் போன சரிவிலும் லாரிச் சாலையிலும் மழை இறங்கினால் மண் சரிந்து ஆற்றுக்குள் போகிறது. சால்மன் மீன் கூழாங்கல்லுக்கு நடுவில்தான் முட்டையிடும். வண்டல் மூடினால் முட்டைக்கு மூச்சில்லை. நிழல் போனால் தண்ணீர் சூடாகிறது, அதுவும் அந்த மீனுக்கு ஆகாது. கீழே ஹூட் கால்வாயில் சிப்பி வளர்ப்பவர்களின் பிழைப்பும் அதே தண்ணீரில்தான்.

1984-ல் ரீகன் கையெழுத்திட்ட வாஷிங்டன் மாநில வனாந்தரச் சட்டம் இந்த வனத்துக்குள் பக்ஹார்ன், பிரதர்ஸ், மவுண்ட் ஸ்கோகோமிஷ், வண்டர் மவுண்டன், கர்னல் பாப் என்று ஐந்து பகுதிகளைக் காத்தது. அதன் பிறகு இங்கே ஒரு ஏக்கர்கூட வனாந்தரமாகச் சேரவில்லை. மிச்சக் காட்டில் பெரும்பகுதி இன்று நிற்கிறதே என்றால், அது விதிமுறைகளின் தயவில் நிற்கிறது. விதிமுறையை ஒரு நிர்வாகம் எழுதும், அடுத்தது அழிக்கும். சாலையில்லாக் காடுகளைக் காக்க 2001-ல் போட்ட விதி நாடு முழுவதும் 5 கோடியே 85 லட்சம் ஏக்கரைத் தொட்டது. அதை நீக்கப் போவதாக 2025 ஜூனில் வேளாண் துறை அறிவித்தது. இதே ஒலிம்பிக் மலையில் 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் பேனாவால் ஒரு தேசிய நினைவுச்சின்னத்தை, அதாவது காப்பு நிலத்தை, அமைத்தார். 1915-ல் வுட்ரோ வில்சன் பேனாவால் அதில் ஏறக்குறைய பாதியை வெட்டினார். அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பேசிக்கொண்ட வரப்பையும் பத்திரத்தில் பதிந்த வரப்பையும் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காங்கிரஸ் போட்ட எல்லையைக் காங்கிரஸ்தான் மாற்ற முடியும். அதனால்தான் சட்டம், சட்டம் என்று அடித்துக்கொள்கிறேன்.

அந்தச் சட்டத்துக்கான மசோதா தயாராக இருக்கிறது. அதன் பெயர் வைல்ட் ஒலிம்பிக்ஸ். ஏறக்குறைய 1,26,500 ஏக்கர் தேசிய வனத்தை வனாந்தரமாக்கும். 19 ஆறுகளுக்கும் அவற்றின் துணையாறுகளுக்கும், 1968-ல் வந்த காட்டாறுகள் சட்டத்தின் காப்பைத் தரும். புதிய அணை அங்கே கட்ட முடியாது. எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து எடுத்த பிறகு சால்மன் திரும்பி வந்ததை நீங்கள் அறிவீர்கள். இத்தனை ஆறுகள் ஓடும் அந்தத் தீபகற்பத்தில் அந்தச் சட்டத்தின் காப்புள்ள ஆறு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. க்வினால்ட், க்விலியூட், எல்வா, ஜேம்ஸ்டவுன் ஸ்'கல்லம் பழங்குடிகள் இந்த மசோதாவை ஆதரிக்கிறார்கள்.

2012-ல் கீழவை உறுப்பினர் நார்ம் டிக்ஸும் செனட்டர் பேட்டி மர்ரேயும் இதை முதலில் கொண்டுவந்தார்கள். டிக்ஸுக்குப் பின் டெரக் கில்மர் சுமந்தார். 2020-லும் 2021-லும் பெரிய தொகுப்பு மசோதாவின் பகுதியாகக் கீழவையில் நிறைவேறியது. செனட் வாசலைத் தாண்டவில்லை. சோர்ந்துவிடலாமா? இதே மாநிலத்தின் வைல்ட் ஸ்கை வனாந்தரம் 2002-ல் மசோதாவாகி, செனட் திரும்பத் திரும்ப நிறைவேற்றியும் கீழவையில் முடங்கி, 2008 மே 8 அன்று ஜார்ஜ் புஷ் கையால் சட்டமானது. ஆல்பைன் ஏரிகளோடு பிராட் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்க்கும் மசோதா 2007-ல் வந்தது. 2014 டிசம்பரில் ராணுவச் செலவுச் சட்டத்தோடு இணைந்து நிறைவேறியது, 22,000 ஏக்கர் சேர்ந்தது. அதை முதலில் கொண்டுவந்த டேவ் ரைக்கர்ட் குடியரசுக் கட்சிக்காரர், துணை நின்ற மர்ரே ஜனநாயகக் கட்சிக்காரர். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று வேறு எப்படிச் சொல்வது?

மரத்தை நம்பிய ஊர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அபர்டீன், ஹோக்வியம், ஃபோர்க்ஸ் மக்கள் 1990-ல் புள்ளி ஆந்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்து, அது வாழும் காட்டில் மரவெட்டு கட்டுப்படுத்தப்பட்ட பிறகு வேலை இழந்து பட்ட துன்பம் உண்மை. அவர்களைப் பகைத்துக்கொண்டு இந்தக் காரியம் நடக்கக் கூடாது. ஊர்க்கூட்டங்களில் எதிர்ப்பு எழுந்த பிறகுதான், பூங்காவின் எல்லையை விரிக்கும் யோசனையை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதை மட்டும் இன்று சொல்லி, நான் எதற்காக இந்த மேடைக்கு வந்தேனோ அதற்கு வருகிறேன்.

வீட்டுக்கொரு கடிதம். கையால் எழுதிய கடிதம். இதைத்தான் நான் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். உடனே ஒரு தம்பி சொல்கிறார்: "அண்ணா, நான் எச்-1பி வேலை விசாக்காரன். எனக்கு ஓட்டே கிடையாது, நான் எழுதி என்ன ஆகப் போகிறது?" தம்பி, அரசிடம் முறையிடும் உரிமையை இந்த நாட்டின் அரசமைப்பு மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஓட்டுரிமை இருந்தால்தான் எழுதலாம் என்று அதில் இல்லை. நீங்கள் வரி கட்டுகிறீர்கள், தொகுதியில் குடியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை அந்த ஆற்றில் கால் நனைக்கிறது. பத்து வயதுப் பிள்ளையும் எழுதலாம். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களை இரு கரம் கூப்பிக் கேட்கிறேன், ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். அச்சடித்த வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். எந்த ஆற்றுக்குப் போனீர்கள், யாரோடு போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று சொந்த நடையில் எழுதுங்கள். மசோதாவின் பெயரையும் உங்கள் அஞ்சல் குறியீட்டையும் மறக்காமல் எழுதுங்கள்.

தலைநகருக்கு அஞ்சலில் போட்டால் தாமதமாகும். 2001-ல் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அங்கே போகும் தபால்களைச் சோதித்த பிறகுதான் கொடுக்கிறார்கள். செனட்டர்கள் பேட்டி மர்ரே, மரியா கான்ட்வெல் இருவருக்கும் சியாட்டலில் ஹென்றி ஜாக்சன் கூட்டரசுக் கட்டடத்தில் அலுவலகம் இருக்கிறது. 1964-ல் வனாந்தரச் சட்டம் நிறைவேறியபோது செனட்டின் உள்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்த அதே ஜாக்சன்தான். கடிதங்களைக் கட்டாகக் கட்டி நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். செனட்டர் இருவருக்கும் ஆளுக்கொன்று, உங்கள் தொகுதியின் கீழவை உறுப்பினருக்கு ஒன்று, ஆக வீட்டுக்கு மூன்று தாள். அரங்கத்தின் பின்புறம் இடது பக்க மேசையில் தாளும் பேனாவும் இருக்கின்றன. உங்கள் உறுப்பினர் யாரென்று தெரியாவிட்டால் முகவரியைச் சொல்லுங்கள், அங்கே நிற்கும் மாணவர்கள் பார்த்துச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு வரிசை நிற்பதற்குள் ஒரு கடிதம் முடித்துவிடலாம். வாய்ப்பளித்த அவைத் தலைவருக்கும் பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.