பாலைமண் காத்த ஒரு ஜெபவீடு

அவையோருக்கு வணக்கம்.

ஆதித் திருச்சபை என்றதும் நம் மனக்கண்ணில் கோபுரமும் மணியும் சிலுவையும் வந்து நிற்கின்றன. அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு என்னோடு சிரியாவின் கிழக்கே வாருங்கள். பாலைவனம் முடிந்து யூப்ரடீஸ் நதிக்கரை தொடங்கும் மேட்டில் துரா யூரோப்போஸ் என்றொரு பாழ்நகரம் இருக்கிறது. 1920-இல் அங்கே பதுங்குகுழி வெட்டிய பிரிட்டிஷ் படையினர் கண்ணில் பழைய சுவரோவியங்கள் பட்டன. பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு அறிஞர்களும் சேர்ந்து தோண்டினார்கள். மேற்கு மதில் ஓரத்தில் ஒரு வீடு வெளிப்பட்டது.

வீடு என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், தெருவிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் வேற்றுமையே தெரியாது. சுவர்ப் பூச்சில் யாரோ கீறி வைத்த ஆண்டு நம் கணக்குக்கு 232-233. அடுத்த சில ஆண்டுகளில் கிறிஸ்தவர்கள் இதை ஜெபவீடாக மாற்றினார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கினார்கள். விருந்தினர் சாய்ந்து உண்ட திண்ணைகள் மறையும்படி தரையை உயர்த்தினார்கள். கிழக்குக் கோடியில் ஒரு சிறு மேடை. எழுபது பேர் வரை நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான். கான்ஸ்டன்டைன் பேரரசர் வழிபாட்டுச் சுதந்திரம் தந்த 313-க்கு எழுபது ஆண்டு முன்னே இது நடக்கிறது!

இவர்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு வீட்டுச் சுவரை இடிப்பது தெருவுக்குத் தெரியாமல் போகுமா? அதே மதிலோரத்தில், கூப்பிடு தூரத்தில், யூதர்களின் ஜெபஆலயம் இருந்தது. ரோமப் போர்வீரர்கள் வணங்கிய மித்ராவின் கோயிலும் இருந்தது. அக்கம்பக்கம் அறிய வாழ்ந்த மக்கள் இவர்கள்.

கூடத்துச் சுவர்கள் வெறுமையாகவே இருந்தன. ஓவியமெல்லாம் அதே வீட்டின் ஞானஸ்நான அறைக்குத்தான். கிறிஸ்தவராகிறவர் தண்ணீரில் இறங்கும் தொட்டி இருந்த அறை அது. தொட்டிக்கு மேல் தூண்கள் தாங்கும் வளைவு, அதன் உட்புறம் நீலவானும் நட்சத்திரங்களும். தொட்டிக்குப் பின்சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பன், கீழே சிறிதாக ஆதாமும் ஏவாளும். பக்கச் சுவரில் இயேசு திமிர்வாதக்காரனை, அதாவது முடங்கிப் படுக்கையில் கிடந்தவனை, குணமாக்குகிறார். தாடியில்லாத இளைஞராக, சாதாரண அங்கியில் நிற்கிறார். இயேசுவை வரைந்த ஓவியங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் இது ஒன்று. படுக்கையில் கிடந்த மனிதன் அதே படத்தில் மறுபடியும் வருகிறான். இப்போது அந்தப் படுக்கை அவன் முதுகில். கட்டிலின் குறுக்குப் பின்னலைக்கூட ஓவியர் விடவில்லை.

இன்னொரு சுவரில் கையில் தீவட்டி ஏந்திய பெண்கள் பெரிய வெள்ளைப் பெட்டி போன்ற ஒன்றை நோக்கி வரிசையாக நடக்கிறார்கள். இயேசுவின் கல்லறைக்குப் போகும் பெண்கள் என்பார் சிலர். இயேசு சொன்ன உவமையில் மணவாளனுக்குக் காத்திருந்த கன்னியர் என்பார் வேறு சிலர். நான் கல்லறை என்பவர் பக்கம். தண்ணீரில் இறங்குவது கிறிஸ்துவோடு மரித்து எழுவது என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியதை நம்பிய மக்கள், அந்தச் சுவரில் வேறெதை வரைந்திருப்பார்கள்?

இத்தனையும் எப்படித் தப்பியது? சாசானியப் பாரசீகப் படை வந்தபோது, மதில் சரியாமலிருக்க ரோமர்கள் உட்புறத்தில் மண்ணைக் கொட்டி அணைகட்டினார்கள். அந்த மண்ணுக்குள் ஜெபவீடும் போயிற்று, ஜெபஆலயமும் போயிற்று. நகரம் வீழ்ந்தது; மக்கள் திரும்பி வரவில்லை. காக்கக் கொட்டிய மண் நகரத்தைக் காக்கவில்லை, ஓவியத்தைக் காத்தது.

ஞானஸ்நான அறையின் ஓவியங்களைப் பெயர்த்து யேலுக்குக் கொண்டுபோனார்கள். ஜெபஆலயத்தின் ஓவியங்கள் டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த மண்ணிலேயே விட்டிருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வாதிட்டவன் நான். சிரியப் போர் மூண்ட பிறகு எடுத்த செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தபின் அந்த வாதத்தை விட்டுவிட்டேன். மதிலுக்குள் பெரும்பகுதி திருடர் தோண்டிய குழிகள்.

நெஞ்சு பதறுகிறது, நண்பர்களே. போன பொருளின் விலையை எண்ணி அல்ல. நகரம் வீழ்ந்தது 256-இல் என்று நாம் சொல்ல முடிவது, மதிலடியில் மாண்ட வீரர்களோடு கிடந்த காசுகளால்தான். காசு கிடந்த இடம் சாட்சி சொன்னது. அதே காசைத் திருடன் பிடுங்கிச் சந்தையில் விற்றிருந்தால், அதில் ஓர் அரசனின் முகம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.